வடக்குப் பார்த்த அறை

சரி, உங்க கலரே இருக்கட்டும். ஜெயிச்சுட்டீங்க, போதுமா? கண் முழிச்சதும் இதைச் சொல்லிடணும். இல்ல, எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது. முதல்ல தண்ணி குடிக்கட்டும். என் மூஞ்சியைப் பாக்கட்டும், பயந்துட்டியான்னு கேக்கட்டும். அப்புறமா, போற போக்குல சொல்ற மாதிரி சொல்லணும். சொன்னா என்ன ஆட்டம் ஆடுவாரோ. ஒரு மாசத்துக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிவார். திரியட்டும்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எல்லோரும் சின்ன ரூம் என்று சொல்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் நினைத்தது இதுதான். எதிரே வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு சுவர். பக்கத்தில் யாருமில்லை. கணவரை வேலை செய்த இடத்திலிருந்து நேரே இங்கே கொண்டுவந்திருந்தார்கள். மயக்கம் என்றார்கள். உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவள் தன் வீட்டு அறைக்கு எந்தப் பெயிண்ட் அடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்துல என்ன அண்ணி பண்ணிட்டிருந்தீங்க என்று நாத்தனார் ஒருமுறை கேட்டபோது, சாமியை வேண்டிக்கிட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் இவ்வளவு சுலபமாக ஒருவரை ஆறுதல்படுத்திவிடுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதே மருத்துவமனையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. தரைக்குக் கீழே இருக்கும் துணிப் பிரிவு. காலையில் இஸ்திரி, மதியத்துக்கு மேல் தையல். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவாள், தலையணை உறை, திரை எல்லாம் தைப்பாள். டாக்டர்கள்கூட அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேல் மாடிகளுக்குப் போகிற வேலை அவளுக்கு வந்ததே இல்லை. அதனால், சின்ன ரூம் எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் போனது. அன்று வராந்தாவில் இரும்பு நாற்காலிகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்க, ஒரு நர்ஸ் அவளை மட்டும் அடையாளம் கண்டு, நீங்க இங்க உக்கார வேண்டாம்க்கா, சின்ன ரூமுக்கு வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இங்கே வேலை பார்ப்பவள் என்பதற்காகத் தனக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவள் நினைத்தாள். வெளியே இருந்தவர்கள் தன்னைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்து, கொஞ்சம் பெருமையாகக்கூட உணர்ந்தாள். எல்லாவற்றையும்விட அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசும்.

அதற்குப் பிறகு அவள் இரண்டாம் மாடிக்குப் போகவில்லை. போகாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்றும் இருந்தாள்.

ஆனால் புதிதாக வந்த நிர்வாக அதிகாரி நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் எதையும் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். வந்த ஆறு மாதத்தில் குடிநீர்க் குழாய், சக்கர நாற்காலி, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வந்து, கடைசியில் சின்ன ரூமில் நின்றார். மனுஷங்க வாழ்க்கையிலயே மோசமான செய்தியைக் கேக்குற ரூம், அதுக்கு இப்படியா அழுதுவடியுற ஒரு சுவர் என்று கூட்டம் போட்டார். சுவருக்குப் புதுப் பெயிண்ட், ஜன்னலுக்குப் புதுத் திரை. பெயிண்ட்டில்தான் சிக்கல். மனதுக்கு இதம் தரும், சூடான நிறம் வேண்டும் என்று ஒரு கட்சி. கொதிக்கிற மனதை அடக்கும், குளிர்ந்த நிறம்தான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. இதயப் பிரிவு டாக்டர் சூட்டுக் கட்சி, மயக்க மருந்து டாக்டர் குளிர்க் கட்சி. கேன்டீன்வரைக்கும் இதே பேச்சு.

ஒரு நாள் மேடமே துணிப் பிரிவுக்கு இறங்கி வந்து, தையலக்கா, அந்த ஜன்னலை ஒரு தடவை அளந்துட்டு வந்துடுங்க, கலர் முடிவானதும் துணி எடுத்துடலாம் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் மட்டும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். நான் வேணா போயிட்டு வரவா என்று உதட்டசைவில் கேட்டாள். இவளோ அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். ஜன்னலை அளப்பது தன் வேலை. வேலை என்று வந்தால் கால் தானாக நடந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

நடக்கத்தான் செய்தது.

வீட்டிலும் இதே வழக்குதான் நடந்தது. நடந்தது என்ன, எட்டு மாதம் நடந்தது.

ஓர் அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான் அவர்கள் வீடு. கணவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. பழம், மீன், மருந்து என்று என்னென்னவோ அடுக்கிவைத்திருக்கும் கிடங்கு. தடித்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு விடியவிடிய பெட்டிகளை ஏற்றி இறக்குவார். காலை ஏழு மணிக்கு அவர் உள்ளே வருவார், ஏழேகாலுக்கு அவள் வெளியே போவாள். சாயங்காலம் அவள் திரும்பும்போது விளக்குப் போட்டிருக்கும். இரண்டு மணி நேரம் ஒன்றாக இருப்பார்கள். பிறகு அவர் கிளம்பிவிடுவார். அவளுக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குப் புதன் விடுமுறை. அவள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தூக்கம் கெடக் கூடாது என்று அவளே ஒரு திரை தைத்திருந்தாள். மருத்துவமனையில் கழித்துப்போட்ட கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் பழைய கம்பளியைக் கொடுத்துத் தைத்த திரை. இழுத்துவிட்டால் பட்டப்பகலில்கூட உள்ளே கை தெரியாது. அவள் சமையலறையில் உட்கார்ந்துகொள்வாள், இல்லையென்றால் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள்.

அறைச் சுவர் பல வருடமாகச் சுண்ணாம்பு வெளுத்துக் கிடந்தது. பெயிண்ட் அடிக்கலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். கடையிலிருந்து ஒரு அட்டையும் இரண்டு குட்டி டப்பாக்களும் வாங்கிவந்தார். அட்டையில் அவர் விரல் வைத்த நிறத்துக்கு மாலைத் தேன் என்று பெயர். அவள் விரல் வைத்த நிறத்துக்கு ஏரிப் பனி.

"ராத்திரி பூரா பனியிலதான் நிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் பனியா?"

"பகல் பூரா ஆவியில வேகுறேன். வீட்டுக்கு வந்து தேன் பாகுல விழணுமா?"

இஸ்திரிப் பெட்டிக்கும் ஐஸ் பெட்டிக்கும் கல்யாணம் பண்ணிவச்சா இப்படித்தான் என்று அவள் தம்பி சிரித்தான். அந்தப் பெயர்கள் அப்படியே நிலைத்துப்போயின. ஐஸ் பெட்டி கிளம்பியாச்சா, இஸ்திரிப் பெட்டி ஆறிடுச்சா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

சுவரில் இரண்டு நிறத்தையும் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று ஏற்பாடு. அவள் வேலைக்குப் போயிருந்தபோது அவரே அடித்துவைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், ஏரிப் பனி கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் இருந்தது. மாலைத் தேன் கட்டிலுக்கு எதிரே, முழங்கால் உயரத்தில். ஒரு நேர்கோட்டில் அடிக்கத் தெரியாதா, இது என்ன முழங்காலுக்குத் தைலம் தேய்ச்ச மாதிரி என்று அவள் கேட்டாள். கை போன இடத்துல அடிச்சேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பிறகு தேர்தல். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த நிறத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். ஆணியில் நூல் கட்டி ஒரு துண்டுப் பென்சிலைத் தொங்கவிட்டிருந்தார். நாத்தனார் அண்ணன் பக்கம். தம்பி அக்கா பக்கம். சிலிண்டர் கொண்டுவந்தவர் எதற்கு என்றே கேட்காமல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். ஒரு கட்டத்தில் பதினேழுக்குப் பதினாறு என்று ஏரிப் பனி முந்தியது. மறுநாள் பார்த்தால் பதினேழுக்குப் பதினேழு. அந்தப் புதுக் கோடு மற்றக் கோடுகளைவிடத் தடிமனாக இருந்தது. யார் போட்டது என்று கேட்டதற்கு, தபால்காரர் என்றார். தபால்காரர் ஒருநாளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவரில்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரமும் இந்தத் தகராறிலேயே போனது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது.

ஒரே ஒரு விதி மட்டும் கறாராக இருந்தது. அவர்கள் இருவருக்கும் ஓட்டு கிடையாது. யாராவது விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அதைக் கோடு போட்டுச் சொல்லக் கூடாது. எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். உங்க கலரே இருக்கட்டும் என்றோ, உன் கலரே இருக்கட்டும் என்றோ. எட்டு மாதமாக இருவரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்துவிடுமே என்று இருந்தது.

சின்ன ரூமில் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தரை முழுக்கப் பழைய செய்தித்தாள். வாசலில் அவள் ஒரு நிமிடம் நின்றாள். சுவர் அதே மஞ்சள்தான், இப்போது இன்னும் கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. அதன் நடுவே இரண்டு பெரிய சதுரங்கள். ஒன்று வெயிலில் காயவைத்த துணி மாதிரி, இன்னொன்று நிழலில் கிடந்த துணி மாதிரி. தலையில் துண்டைக் கட்டிய பெயிண்டர் ஒருவர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், நீங்க எந்தக் கட்சிக்கா என்றார்.

தான் திரை அளக்க வந்தவள் என்று அவள் சொன்னாள்.

அப்பாடா, முதல்முறையா வேலை செய்ய ஒருத்தர் வந்திருக்கீங்க என்று அவர் ஏணியை நகர்த்திக் கொடுத்தார். பேச்சுத்துணை இல்லாமல் ஒரு வாரமாகக் காய்ந்துபோயிருந்த மனிதர். ஒரு சுவருக்காக இத்தனை பேர் கூடிப் பேசுகிறார்களே, தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் கூடிப் பேசவில்லை என்றார். காலையில் வருகிற டாக்டர்கள் ஒன்று சொல்கிறார்களாம், சாயங்காலம் வருகிற டாக்டர்கள் ஒன்று சொல்கிறார்களாம். அவள் ஜன்னலின் அகலத்தை அளந்து, கையில் வைத்திருந்த தாளில் குறித்தாள். அடுத்து உயரத்துக்கு நாடாவை விரித்தாள்.

"என்னைக் கேட்டாங்கக்கா, எந்தக் கலர் நல்லதுன்னு. எத்தனை மணிக்குன்னு நான் திருப்பிக் கேட்டேன். முறைக்கிறாங்க."

"மணிக்கும் கலருக்கும் என்ன?"

"இந்த ஜன்னல் வடக்க பாத்துக் கிடக்கு. வெயில் எட்டிக்கூடப் பாக்காது. பகல்ல இங்க வர்ற வெளிச்சத்துலயே ஒரு நீலம் இருக்கு. அதுல இந்தக் குளிர்ச்சிக் கலரை அடிச்சா சுவரு விறைச்சுப்போய்க் கிடக்கும். சூட்டுக் கலரு அடிச்சாத்தான் ரூமுல ஒரு உசிரு தெரியும். அதே சாயங்காலம் மஞ்ச பல்பைப் போடுங்க. எல்லாம் தலைகீழ். குளிர்ச்சிக் கலரு பதமா, கண்ணுக்கு இதமா ஆயிடும். சூட்டுக் கலரு பழுத்துப்போய் மூச்சு முட்டும். சுவரு ஒண்ணுதான். பகல்ல பாத்தவங்க ஒண்ணு சொல்வாங்க, விளக்கு வச்சதும் பாத்தவங்க ஒண்ணு சொல்வாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

அவள் நாடாவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா?"

"அப்புறமென்ன, சண்டைதான்" என்று பெயிண்டர் சிரித்தார். "நாலு வீட்டுல பாத்திருக்கேன். உக்காரவச்சு, ஒருத்தர் பாக்குற நேரத்துல இன்னொருத்தரையும் பாக்கச் சொல்லுவேன். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும்."

கீழே வந்த பிறகுதான், உயரத்தைக் குறிக்கவேண்டிய இடத்தில் அகலத்தையே இரண்டாவது முறையும் எழுதியிருப்பதைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவள் அளவு தப்பியது அதுவே முதல்முறை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, கணவர் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. மறந்துபோயிருந்தது என்று சொல்ல முடியாது. அது முக்கியமானது என்று அவளுக்குத் தெரியாததால் எங்கோ கிடந்தது.

ஒரு நாள் பகல்ல வந்து பாரேன் என்று சொன்னார். அந்தத் தபால்காரர் சண்டைக்கு இரண்டு நாள் கழித்து. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், விளையாட்டுக் குரலில் இல்லாமல் சொன்னார். அவள் அப்போது மறுநாளைக்குச் சேலை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பகல்ல படுத்துக்கிட்டு சுவத்தைப் பாக்க எனக்கேது நேரம்? அந்தக் கொடுப்பினையெல்லாம் உங்களுக்குத்தான்."

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். சரி வர்றேன் என்று போய்விட்டார். அவள் பேசியதில் தப்பில்லை. எந்த வீட்டிலும் பேசுகிற பேச்சுதான். அதனால்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டு அழக்கூட முடியாமல் இருந்தது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றாள். பட்டப்பகலில் தன் தெருவில் நடந்து எத்தனை காலமாகிறது என்று தோன்றியது. யாரோ ஒருவர் வீட்டுக்குள் போவது போலக் கதவைத் திறந்தாள்.

உள்ளே இருட்டு. அவர் போன பிறகும் அவள் அந்தத் திரையை விலக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், வேலைக்குப் போகிறவளுக்குப் பகலில் வெளிச்சம் எதற்கு என்று சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆள் தூங்குகிறது என்கிற மாதிரி பாத்திரங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவைத்தாள். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பழகிப்போன மரியாதை, அவ்வளவுதான்.

கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்பளி வைத்துத் தைத்த துணி, நனைந்தது போலக் கனத்தது. கடைசிக் கொக்கி விட்டதும் திரை மொத்தமாக அவள் கைகளில் சரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அறை நீலமாக இருந்தது. நீலம் என்றுகூட இல்லை. அடுப்பு எரியாத வீட்டின் நிறம். வெளியே அவ்வளவு வெயில் அடித்துக்கொண்டிருக்க, வடக்குப் பார்த்த அந்த ஜன்னல் வழியாக உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. வெளுத்த சுண்ணாம்பு ஈரச் சிமெண்ட் மாதிரிக் கிடந்தது. கதவுக்குப் பக்கத்தில் அவள் ஆசைப்பட்ட ஏரிப் பனி, மருத்துவமனையில் பிணத்தை மூடக் கொடுக்கும் துணியின் நிறத்தில் இருந்தது. அந்தத் துணிக்கு ஓரம் அடித்துத் தருபவள் அவள்தான், அவளுக்குத் தெரியாதா. இதையா தினமும் சாயங்காலம் பார்த்து, ஆஹா என்று பெருமூச்சு விட்டாள்?

அந்தச் சுவர் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில்தான் உயிர் இருந்தது. கட்டிலுக்கு எதிரே, முழங்கால் உயரத்தில்.

திரையைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் போய்ப் படுத்தாள். இரண்டரை ஆண்டாக அந்தப் பக்கத்தில் அவள் படுத்ததில்லை. தலையணையில் தலை வைத்து ஒருக்களித்ததும், மாலைத் தேன் நேராக அவள் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. கை போன இடத்தில் அடித்ததல்ல. படுத்திருக்கிறவன் கண்ணுக்கு அளந்து அடித்தது. குளிரில் விறைத்து வந்து, அவள் போன பிறகு இந்த அறையில் தனியாகப் படுத்து, திரையை இழுத்துவிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்ப்பதற்கு என்று அடித்தது.

அவள் மெல்லத் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். ஏரிப் பனிக்குப் பக்கத்தில் அவள் பையை மாட்டுகிற ஆணி. தினமும் சாயங்காலம் உள்ளே வந்து, பையை மாட்டி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிற இடம். அவளுடைய கண் உயரம். எட்டு மாதம் அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கோணலாக அடித்தார் என்று கேலி செய்ததோடு சரி.

சின்ன ரூமும் வடக்குப் பார்த்த அறைதான். அன்று அங்கே உட்கார்ந்திருந்ததும் பகல்தான். அந்த மஞ்சள் சுவர் ஏன் அவ்வளவு இதமாக இருந்தது, எட்டு மாதமாகப் பிடிவாதம் பிடித்த மனம் அந்த இருபது நிமிடத்தில் ஏன் சட்டென்று இளகியது என்பது இப்போது தெரிந்தது. முதல்முறையாக அவர் பார்க்கிற நேரத்தில், அவர் பார்க்கிற வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும் என்று பெயிண்டர் சொன்னது சரிதான். முடிந்துதான் போயிருந்தது. சொல்வதுதான் பாக்கி.

எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்து, ஆணியில் தொங்கிய பென்சிலைப் பிடித்தாள். மாலைத் தேனுக்குக் கீழே பதினேழு கோடுகள், அதில் ஒன்று தடிமன். பதினெட்டாவதாக ஒன்று போட்டுவிடலாமா என்று விரல் ஆசைப்பட்டது. பென்சில் முனையைச் சுவரில் வைத்தும்விட்டாள். இல்லை, கோடு போட்டுச் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். அவள் கள்ளாட்டம் ஆடியதில்லை, அது அவர் வேலை. பென்சிலை விட்டாள். அது நூலில் கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

திரும்பத் திரையை மாட்டவில்லை. வெளிச்சம் மங்கி, தேனும் பனியும் ஒரே சாம்பலாகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட மனம் வரவில்லை. போட்டால் தன் கண்ணே தன்னை ஏமாற்றி, மறுபடி ஏரிப் பனி பக்கம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த நாள் மதியம் மேடம் துணிப் பிரிவுக்கு வந்தார். கூடவே யாரையும் அழைத்துவரவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் மாடி நர்ஸ் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாராம். தெரிந்திருந்தால் அளக்க அனுப்பியிருக்கவே மாட்டாராம். சொல்லும்போது அவர் கண் உண்மையிலேயே கலங்கியது. பரவாயில்ல மேடம் என்று அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். அளவு தப்பாகிவிட்டது, இன்னொருமுறை போய் எடுத்துவருகிறேன் என்றும் சொன்னாள்.

மேடம் உட்கார்ந்து, கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தார். மடித்து வைத்த தலையணை உறைகளுக்கும் நூல்கண்டுப் பெட்டிக்கும் நடுவே அது கிடந்தது. இரண்டு நிறங்கள், இரண்டுக்கும் கீழே பேனாக் கோடுகள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையில்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி இஸ்திரி போடுவது போலப் போட்டுக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தாள்.

"ஏழுக்கு ஏழு. ஆனா யோசிச்சுப் பாத்தா, இந்தப் பதினாலு பேருல ஒருத்தர்கூட அந்த நாற்காலியில உக்காந்தது கிடையாது. நாங்க எல்லாரும் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போறவங்கதான். உள்ள உக்காந்து காத்துக்கிட்டிருந்தவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் அதையே அடிச்சுடலாம்."

நியாயமான பேச்சு. அவளே மேடத்தின் இடத்தில் இருந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. அவளைவிடத் தெளிவாக அந்தப் பதிலைத் தெரிந்த ஆள் இந்தக் கட்டடத்திலேயே இல்லை. சூட்டுக் கலர்தான் மேடம், அங்க பகல்லதான் நிறையப் பேரைக் கூட்டிட்டு வருவாங்க, அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாரோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து கொஞ்சம் இதமாகக் காத்திருப்பாள்.

ஆனால் அவளிடம் அந்தப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மருத்துவமனைக்காகச் செய்த பதிலல்ல. தண்ணீர் குடித்த பிறகு, பயந்துட்டியா என்று கேட்ட பிறகு, போகிற போக்கில் சொல்வது போலச் சொல்வதற்காக வைத்திருந்தது. பதினாலு கோடுகளுக்குப் பக்கத்தில் பதினைந்தாவது கோடாக அதைப் போட்டுவிட்டால், பிறகு அவரிடம் சொல்ல அவளிடம் என்ன இருக்கும்? மற்ற நிறத்தைக் காட்டுவது அதைவிட மோசம். எட்டு மாதம் போட்ட சண்டையையே பொய்யாக்குவது போல.

மேடம் காத்திருந்தார். தயக்கம் வேறு காரணத்துக்கு என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதுக்கில்ல மேடம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பெயிண்டரைக் கேளுங்க. அவருக்கு நல்லாத் தெரியும். எத்தனை மணிக்குன்னு கேட்டார்னா முறைக்காதீங்க, அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

"அவர் சொல்றது இருக்கட்டும். உங்க மனசுல ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு மேடம்."

மேடம் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். அவள் அதை வாங்கி, மூடியைப் பொருத்தி, அட்டையின்மேல் வைத்தாள். அட்டையை நூல்கண்டுப் பெட்டியைத் தாண்டி மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"திரை எந்தத் துணின்னு சொல்லுங்க, ரெண்டு நாள்ல தைச்சுத் தர்றேன். இதை மட்டும் நான் சொல்றதுக்கில்ல மேடம்."

பாதியில் நின்றிருந்த தலையணை உறையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.